சொன்ன கணக்கு ஒன்று, பில்லில் வந்தது இன்னொன்று: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடிதம் எழுதிக்கொடுக்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. காணிப் பிரச்சினைக்கு அடுத்தபடியாக ஆட்கள் கொண்டு வருவது மேசன், ஆசாரி, வயரிங் செய்பவர், கராச்காரர் கொடுத்த கணக்குத் துண்டைத்தான். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரும், கொப்பித் தாளில் வரும், ஒருமுறை சீமெந்துப் பையைக் கிழித்த தாளிலும் வந்தது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு துண்டுகூட எழுதவில்லை. இனி என்ன கேட்க முடியும்?

கேட்கலாம். காணி விற்க, வாங்கத்தான் நொத்தாரிசு முன் எழுத வேண்டும். அது 1840இல் வந்த சட்டம், இன்றும் அப்படியே இருக்கிறது. சுவர் கட்டுவதற்கும் பம்ப் திருத்துவதற்கும் அப்படி ஒன்றும் இல்லை. வாயால் பேசிய விலையும் ஒப்பந்தம்தான்.

சிக்கல், அதை எப்படிக் காட்டுவது என்பதில். அதனால் இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன திகதி, எந்த இடத்தில் நின்று பேசினீர்கள், யார் பக்கத்தில் நின்றார்கள், அவர் சொன்ன தொகை, நீங்கள் கொடுத்த முற்பணம். வங்கியில் காசு எடுத்த நாள் பாஸ்புத்தகத்தில் இருக்கும். "நாளைக்கு வாறன் அக்கா, ஒண்டு இருவதுக்கு முடிச்சுத் தாறன்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் இருந்தால் அதை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது தொலைவதுதான் வழக்கம். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, போனில் வந்த செய்தி என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட ஏலாது.

அவர் சொன்ன தொகை முடிந்த முடிவா, சும்மா ஒரு மதிப்பா?

இதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். எங்கள் பக்கம் மூன்று விதமாகப் பேசுகிறோம், பேசும்போது மூன்றையும் குழப்புகிறோம்.

கொந்தராத்து என்றால் இந்த வேலை முழுக்க, இவ்வளவு காசு. இதில் பாஸ், அதாவது வேலையைப் பொறுப்பெடுத்த மேசனோ ஆசாரியோ, நாலு நாள் கூடுதலாக நின்றால் அது அவருடைய பிழைக் கணக்கு. மூன்று நாளில் முடித்தாலும் நீங்கள் குறைத்துக் கொடுக்கப் போவதில்லைதானே. நாட்கூலி என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. இதில் மொத்தம் கூடினால் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை நாள், எத்தனை ஆள் என்பதுதான். மூன்றாவது, "ஒரு ஐம்பதுக்குள்ள முடியும்" என்கிற மதிப்பு. அது ஐம்பத்தைந்து ஆனால் பொறுக்கலாம். தொண்ணூறு ஆனால், இடையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

விலையே பேசாமல் "செய்யுங்கோ, பாத்துத் தாறன்" என்று தொடங்கியிருந்தால், நியாயமான கூலி கொடுக்க வேண்டும். நியாயம் என்பது அதே வேலைக்குப் பக்கத்து ஊரில் இரண்டு பேர் சொல்லுகிற விலை. போய்க் கேட்டு எழுதி வாருங்கள்.

பில்லைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. முதலில் என்ன செய்வது?

மொத்தத் தொகையோடு சண்டை பிடிக்காதீர்கள். "என்ன இது, பகல் கொள்ளையா?" என்று தொடங்கினால் அவரும் ஏறுவார், நீங்களும் ஏறுவீர்கள், ஆறு மாதம் போகும். மொத்தத்தை உடையுங்கள். ஒவ்வொரு வரியாக, எதற்கு இது என்று கேளுங்கள்.

பரந்தன் பக்கம் ஓர் அக்கா கொண்டு வந்த துண்டைச் சொல்கிறேன். குளியலறையும் மலசலகூடமும் சேர்த்துக் கட்ட, கூலி மட்டும் 120,000 ரூபா என்று கொந்தராத்து. சாமான் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பது என்று பேச்சு. முடிவில் வந்தது 186,500. துண்டில் "மேலதிகம் 66,500" என்று ஒரே வரி. இரண்டு பூச்சியமும் பெரிதாக, கோபமாக எழுதினது போல இருந்தது.

மேசன் தம்பியை வரச்சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, "தம்பி, இந்த அறுபத்தாறரையை எனக்குப் பிரிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டோம். ஐந்து வரி வந்தது. சுவர் இரண்டு வரிசை கூட்டியது 14,000. மாபிள் கூடுதலாகப் பதித்தது 22,500. லொறி 8,000. கையாள் நாலு நாள் 12,000. சாமான் விலை கூடியது 10,000.

இனி வரிவரியாகப் பாருங்கள். சுவரைக் கூட்டச் சொன்னது அக்காவின் வீட்டுக்காரர். அவரே ஒப்புக்கொண்டார், அது சரி. மாபிள் நாலடி உயரத்துக்கு என்று பேசி, பிறகு ஏழடிக்கு ஏற்றச் சொன்னது அக்கா. ஆனால் எவ்வளவு ஏறியது? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் உள்ளே போனோம். அறை ஆறடிக்கு ஐந்தடி, சுற்றளவு 22 அடி, கதவு இரண்டரை அடியைக் கழித்தால் பத்தொன்பதரை. அதை மூன்றடி உயரத்தால் பெருக்க 58.5 சதுர அடி. தம்பி 90 சதுர அடி, அடிக்கு 250 ரூபா என்று போட்டிருந்தார். நாடாவை ஒருமுறை தானும் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. 14,625 வந்தது, 15,000 ஆக்கினோம்.

லொறி, அவருடைய சாரப் பலகையும் மிக்சரும் ஏற்றி இறக்கியது. கொந்தராத்தில் அது அவர் செலவு, வெட்டினோம். கையாள், மழை நாலு நாளும் விறாந்தையில் குந்தியிருந்த பொடியன். அவனுக்குத் தம்பி கூலி கொடுத்தது உண்மை, வேலை நடக்காததும் உண்மை. பாதி, 6,000. கடைசி வரிதான் வேடிக்கை. சாமானை வாங்கியதே அக்கா. விலை கூடினால் கூடியது அக்காவுக்குத்தான். அதை வாசித்துவிட்டுத் தம்பியே சிரித்துவிட்டார்.

ஆக 155,000. முற்பணம் ஒரு லட்சம் போயிருந்தது, மிச்சம் 55,000 அன்றே கொடுபட்டது. முழுவதும் ஒன்றே கால் மணித்தியாலம். மொத்தத்தைப் பற்றிச் சண்டை பிடித்திருந்தால் இரண்டு பேரில் ஒருவர் பிழை என்று முடிந்திருக்கும். வரிவரியாகப் பார்த்ததில் ஒரு வரியில் ஒருவர், மற்ற வரியில் மற்றவர்.

சாமான் விலை கூடிவிட்டதாம். அது என் பொறுப்பா?

சாமானோடு சேர்த்துக் கொந்தராத்துப் பேசியிருந்தால், விலை ஏறுகிற ஆபத்தையும் அவர்தான் எடுத்திருக்கிறார், வேறு விதமாகப் பேசியிருந்தால் ஒழிய. இதில் 2022ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த வருடம் மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ஆனது. 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தை எட்டியது. பழைய விலையில் வீடு கட்டித் தா என்று அந்த நேரம் பிடிவாதம் பிடித்தவர்களுக்குப் பாதிச் சுவரும் ஓடிப்போன பாஸும்தான் மிச்சம். அப்படி நிலம் பிளந்தது போன்ற ஏற்றத்தில் விட்டுக்கொடுத்துப் பேசுவதே புத்தி.

ஆனால் 2022ஐச் சாட்டி இன்றைக்கும் விலை கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே மருந்து, ஹார்ட்வெயார் பில். கடைக்காரர் கேட்டால் பில் கொடுக்கத்தான் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. பில்லில் திகதியைப் பாருங்கள். விலை ஏறுவதற்கு முந்தின கிழமை வாங்கிய சீமெந்துக்குப் பிந்தின கிழமை விலை போடுவது நடக்கிறது.

பில்லில் வற் வரி என்று 18 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள்.

2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதம், அது உண்மை. ஆனால் வற்றுக்குப் பதிவு செய்த நிறுவனம்தான் அதை அறவிடலாம். பதிவிலக்கம் பில்லில் இருக்க வேண்டும். சைக்கிளில் வருகிற பாஸ் வற் போட ஏலாது. இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், அந்த வரி தானாகவே மறைந்துவிடும்.

குழாய்க்கிணறு அடித்தோம். நூற்றைம்பது அடி என்றார்கள், பில் இருநூற்றிருபது அடிக்கு.

அடிக்கணக்கு வேலையில் "நூற்றைம்பது" என்பது பெரும்பாலும் ஊகம். வவுனியாப் பக்கம் கீழே கருங்கல், எந்த ஆழத்தில் வெடிப்பில் தண்ணீர் ஓடுகிறது என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே அடி கூடியதற்காகக் கோபப்படாதீர்கள். உண்மையில் அவ்வளவு அடி போனதா என்று மட்டும் பாருங்கள்.

மிசின் நிற்கும்போதே துளைக்கம்பி ஒன்றின் நீளம் எத்தனை அடி என்று கேட்டு, இறங்குகிற ஒவ்வொரு கம்பிக்கும் மண்ணில் ஒரு கோடு போடுங்கள். எங்கள் ஊரில் ஒரு அம்மா கம்பி இறங்க இறங்கப் புளியங்கொட்டை எடுத்து வைத்தாராம், அவருடைய கணக்குப் பிழைக்கவில்லை. அப்போது விட்டுவிட்டீர்கள் என்றால், பம்ப் இறக்குவதற்கு முன் நைலோன் கயிற்றில் பாரமான நட் ஒன்றைக் கட்டி இறக்கி, கயிறு தளர்கிற இடத்தில் முடிச்சுப் போட்டு, வெளியே எடுத்து அளவுங்கள். அடியில் கொஞ்சம் சேறு இறுகியிருக்கும். ஐந்து பத்து அடி வித்தியாசத்துக்குச் சண்டை வேண்டாம், ஐம்பது அடி என்றால் கேட்கத்தான் வேண்டும். மேலே இறக்கும் கேசிங் குழாய்க்குத் தனி விலை போடுவார்கள். அது எத்தனை அடி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மிசின்) எஞ்சினைத் திறந்துவிட்டு இரட்டிப்பு விலை சொல்கிறார். காசு தராமல் மிசினைத் தரமாட்டாராம்.

திறந்து பார்க்காமல் உள்ளுக்குள் இருப்பது தெரியாது என்பது உண்மை. ஆனால் திறந்த பிறகு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். "ரிங்கும் போயிட்டுது, கிராங்கும் போயிட்டுது, செய்யவா?" என்று கேட்கிற கராச்காரரைத்தான் நான் நல்லவர் என்பேன்.

முதலில் கழற்றிய பழைய சாமான்களைக் கேளுங்கள். காசு கொடுத்து மாற்றியவை உங்களுடையவை. ரிங் மாற்றியதாகப் போட்டிருந்தால் பழைய ரிங் இருக்க வேண்டும். புதுச் சாமானுக்குக் கடைப் பில் கேளுங்கள். ஒறிஜினல் விலை போட்டுப் போலிச் சாமான் பூட்டுவது இங்கேதான் பிடிபடும்.

மிசினைத் தராமல் வைத்திருப்பது பற்றி: செய்த வேலைக்கான காசு வரும்வரை திருத்தியவர் அந்தப் பொருளைப் பிடித்து வைத்திருக்க, எங்கள் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே இரவில் போய்த் தள்ளிக்கொண்டு வருகிற வேலை வேண்டாம். விதைப்பு நேரமாகி மிசின் உடனே வேண்டுமென்றால், காசைக் கொடுத்து, பில்லில் "இந்தத் தொகையை ஏற்காமல், மிசினை எடுப்பதற்காக மட்டும் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்து, படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு வழக்காடலாம். காலபோகம் உங்களுக்காகக் காத்திருக்காது.

மகன் கனடாவிலிருந்து போனில் பாஸோடு பேசி ஏதோ எல்லாம் கூட்டச் சொல்லியிருக்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது.

இது இப்போது எல்லா ஊரிலும். அம்மா ஒரு மாதிரி சொல்வார், மகன் வீடியோவில் பார்த்துவிட்டு இன்னொரு மாதிரி சொல்வார், பாஸ் இரண்டையும் கூட்டிப் பில் போடுவார். காசு தருகிறவர் கூட்டச் சொன்னால் பாஸ் செய்ததில் பிழையில்லை. மகனிடம் அந்த உரையாடலைக் கேட்டு வாங்குங்கள். அவர் சொன்னவை வேறு, சொல்லாமல் சேர்ந்தவை வேறு. இனிமேல் பாஸோடு பேசுகிற ஆள் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை தீரும்வரை காசு கொடுக்காமல் நிறுத்தலாமா?

நீங்களே சரியென்று ஒத்துக்கொள்கிற பகுதியை நிறுத்தாதீர்கள். பிரச்சினை இருபதாயிரத்தில் என்றால் இருபதாயிரத்தை மட்டும் பிடியுங்கள். மிச்சத்தைக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். இதனால் மூன்றாவது ஆள் முன்னால் போய் நிற்கும்போது உங்கள் பேச்சுக்கு ஒரு கனம் வரும். அந்த பாஸுக்குக் கீழே கையாள்கள் இருக்கிறார்கள், சனிக்கிழமை அவர்களுக்குக் காசு வேண்டும்.

அவருடைய மட்டக்கோல், கிரைண்டர், சைக்கிள் எதையும் பூட்டி வைக்காதீர்கள். கணக்குப் பிரச்சினை அப்போதே களவுப் பிரச்சினை ஆகிவிடும்.

இன்னொன்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். செய்த வேலைக்கும் கூலிக்கும் வழக்குப் போட, 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு வருடம்தான் தருகிறது. இதைப் பாஸ்மார் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு வருடம் இழுத்தடித்தால் தப்பலாம் என்று கணக்குப் போடுகிறவர் தயவுசெய்து என்னிடம் கடிதம் எழுத வரவேண்டாம்.

எங்கே முறையிடுவது? பொலிசுக்குப் போகலாமா?

விலைத் தகராறு குற்றம் இல்லை. பொலிஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைத்துவிட்டு அனுப்பும். மிரட்டினால், கை நீட்டினால், முற்பணத்தோடு ஆளே காணாமல் போனால் அது வேறு, அதற்குப் போங்கள்.

கடை, கராச், நிறுவனம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. மாவட்டச் செயலகத்தில், நாங்கள் இன்னும் கச்சேரி என்கிறோமே, அங்கே கேளுங்கள். தொலைபேசி 1977. முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாலாவது மாதம் வந்து அழுவதில் பயனில்லை. கிராமத்து பாஸ் விசயத்தில் இந்த வழி எனக்கு அவ்வளவாகக் கைகொடுத்ததில்லை. அதற்கு இணக்க சபைதான்.

இணக்க சபையில் என்ன நடக்கும்?

கடிதங்களில் மத்தியஸ்த சபை என்று வரும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த காசுத் தகராறை நேரே நீதிமன்றம் எடுக்காது, முதலில் இங்கே போய் வரவேண்டும். 2016இல் வந்த திருத்தம் அந்த எல்லையை ஐந்து லட்சம் ஆக்கியது. ஆகவே எங்கள் மேசன் சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேரும்.

சனி, ஞாயிறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். நீங்கள் ஒருவரைத் தெரிவு செய்யலாம், அவர் ஒருவரை, அந்த இரண்டு பேரும் மூன்றாமவரை. சட்டத்தரணி வைத்துப் பேசுகிற இடம் இல்லை. ஓய்வுபெற்ற அதிபர், தபால் அதிபர் போன்ற ஆட்கள், பிள்ளைகளின் வாங்கில் இருந்து கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், இரண்டு பேரையும் ஒரு தொகைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். வந்தால் எழுதிக் கையெழுத்து. வராவிட்டால், இணங்கவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம்.

போகும்போது கோபத்தைக் கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் மேலே காட்டின மாதிரி வரிவரியாக எழுதி, எந்த வரியை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று காட்டுங்கள். படங்களும் பில்லும் பின்னால் குத்தி. சபையில் பேச்சுக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம், தாளை அவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

வேலையே சரியில்லை, சுவர் வெடித்திருக்கிறது. அதற்கும் காசா?

அது வேறு தகராறு, விலையோடு கலக்காதீர்கள். படம் எடுத்து, திருத்தித் தரச் சொல்லி நாள் குறித்து எழுதுங்கள். திருத்த அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்த பிறகுதான் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும்.

அவர் எங்கள் சொந்தக்காரர். கேட்டால் மனஸ்தாபம் வரும்.

கேட்காவிட்டாலும் வந்திருக்கிறது, அதனால்தானே இதை வாசிக்கிறீர்கள். என் சொந்தக் கதை: வீட்டு வயரிங்குக்கு ஒருவர் சொன்னதைவிட இருபத்தோராயிரம் கூடப் போட்டார். மச்சான் முறை. வாயைத் திறக்காமல் கொடுத்தேன். பிறகு இரண்டு வருடம் கோயில் திருவிழாவில் அவரைக் கண்டால் தண்ணீர்ப் பந்தல் பக்கம் ஒதுங்கினேன். அவருக்கு ஏன் என்றே தெரியாது. ஒருநாள் அவரே கேட்டார், "என்ன மச்சான், முகம் குடுக்கிறியள் இல்லை?" சொன்னேன். பிளக் பொயின்ற் ஏழு கூட வைத்தது, என் மனைவி சொன்னது. எனக்குத்தான் தெரியாது.

அடுத்த முறை எப்படி எழுதி வைப்பது? கையெழுத்துக் கேட்டால் பாஸ் கோபிப்பாரே.

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சத்தைக் கட்டம் கட்டமாக வாங்கி வீடு கட்டிய ஊர்கள் இவை. அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, கூரை மட்டம் வந்தால் இவ்வளவு என்ற கணக்கு எல்லோருக்கும் பழக்கம். அதையே செய்யுங்கள். முத்திரை வேண்டாம், கொப்பித் தாள் போதும்:

"குளியலறை, உள்ளளவு ஆறடிக்கு ஐந்தடி, மாபிள் நாலடி உயரம். கூலி மட்டும் 120,000. சாமான் வீட்டுக்காரர். சாரமும் ஏற்றி இறக்கலும் பாஸ். மாபிள் கூடினால் சதுர அடிக்கு 250. வேறு எது கூடினாலும் செய்வதற்கு முதல் விலை சொல்ல வேண்டும். முற்பணம் 40,000, கூரை மட்டத்தில் 40,000, முடிந்து ஒரு கிழமையில் 40,000."

கையெழுத்துக்கு முகம் சுழித்தால் விடுங்கள். தாளைப் படம் எடுத்து அவருடைய வட்ஸ்அப்புக்கு அனுப்பி, "அண்ணை, கதைச்சது இதுதானே, சரியோ?" என்று கேளுங்கள். "ஓம்" என்று வந்தால் போதும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் நீங்களே வாசித்துக் குரலில் அனுப்புங்கள், அவரும் குரலில் பதில் தருவார்.